ஒரு பக்கம் அச்சானால் போதும்

வேண்டாத பொருளைத் தானம் கொடுப்பவர்கள் யாரும் அதைத் துடைத்துக் கொடுப்பதில்லை. அந்த வேலைக்குப் போன முதல் வாரமே இதைத் தெரிந்துகொண்டேன். சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கும் பிரிண்டர்களின் மூடியைத் தூக்கினால் உள்ளே பிஸ்கட் தூள், ஸ்டேப்ளர் பின், குழந்தையின் பிளாஸ்டிக் வளையல், செத்த கரப்பான் பூச்சி எல்லாம் இருக்கும். ஒன்றில் பல்லி முட்டை இருந்தது. ஸ்கேனர் கண்ணாடியின்மேல் மறந்து விட்டுப்போன காகிதங்கள் குப்புறக் கிடக்கும். யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தம், யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு. அவற்றைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிடுவேன். படிக்காமல் என்பது முழு உண்மை இல்லை. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன்.

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் ஓட்டம் நின்றுபோன அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. அதன் கிடங்கைத்தான் எனக்கு வேலை கொடுத்த அறக்கட்டளை வாடகைக்குப் பிடித்திருந்தது. அலுவலகங்களும் அடுக்குமாடி வீட்டுக்காரர்களும் ஒதுக்கித் தள்ளிய இங்க்ஜெட் பிரிண்டர்களை வாங்கிவந்து, இங்கே சோதித்துச் சரிசெய்து, கிராமத்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுப்பது அவர்கள் திட்டம். நல்ல திட்டம். இன்றைக்கும் அதை நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். என் வயிற்றெரிச்சல் திட்டத்தின்மேல் இல்லை.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் செங்கல்பட்டில் ஒரு பிரிண்டர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனபிறகு வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மகளிர் குழுக் கூட்டத்தில் இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, போய் நின்றேன். ஒரு பிரிண்டரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் எந்தத் திருகு எங்கே என்று விரலுக்கே தெரிந்திருந்தது. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கோபமாக வருகிறது.

கிடங்கில் நாங்கள் இரண்டே பேர். நானும் பாயும். பாய் பல வருஷம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது கடை போய்விட்டது. மறுபடி வைக்க முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர், மூன்று பெண்கள். பெரியவளுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. காகிதம் இழுக்கும் ரோலர், பல்சக்கரம், வயர், அடாப்டர் எல்லாம் அவர் பங்கு. மை வரும் தலைப்பகுதி என் பங்கு. வேன் வந்து நின்றால் போதும், அவர் குரல் கிடங்கு முழுக்கக் கேட்கும்.

"இந்தாமா, ஐசியூ கேஸ் ஒண்ணு வந்துகீது. மூச்சு கீதா பாரு."

"பல்ஸ் இல்ல பாய்."

"அப்ப போஸ்ட்மார்ட்டம் டேபிளுக்குத் தள்ளு."

காலையில் நாஷ்டா சாப்பிடாமல் வந்தேன் என்று தெரிந்தால் எதிர்க்கடையிலிருந்து இட்லி வாங்கிவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இவ்வளவும் சொல்லிவிடுவதுதான் நியாயம். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது அவரை வெறும் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கோழைதான். ஆனால் வெறும் கோழை இல்லை.

பார்க்கிறவர்களுக்கு எங்கள் வேலை ஒன்றுமில்லாததாகத் தெரியும். பிளக்கைச் சொருகி, பொத்தானை அழுத்தி, காகிதம் வருகிறதா என்று பார்ப்பதுதானே என்பார்கள். முதலில் பிளக்கைச் சொருகவே கூடாது. டார்ச் அடித்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்து, குப்பையை எடுத்து, அதன்பிறகுதான் கரண்ட். அப்புறம் நான்கு நிறத்திலும் மெல்லிய கோடுகள் விழுகிற சோதனைப் பக்கத்தை எடுக்க வேண்டும். கோட்டில் இடைவெளி இருந்தால் அந்த இடத்தில் மைத்துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பல மாதம் சும்மா கிடந்த பிரிண்டர் என்றால் கோடே இருக்காது, வெள்ளைக் காகிதம்தான் வரும். தலையைக் கழற்றி, வெதுவெதுப்பான சுத்த நீரில் நனைத்த துணியின்மேல் உட்கார வைப்பேன். காய்ந்த மை மெதுவாகக் கசியும். மஞ்சளும் நீலமும் துணியில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடங்காததற்கு ஊசியில்லாத சிரிஞ்சில் சின்ன ரப்பர் குழாய் மாட்டி, மூச்சு விடுகிற அளவுக்கு அழுத்துவேன். ஜாஸ்தி அழுத்தினால் உள்ளே கிழிந்துவிடும். பிறகு மறுபடி சோதனைப் பக்கம். ஒரு கோடும் விடாமல் நான்கு நிறமும் வந்து விழும்போது, பாயைக் கூப்பிட்டுக் காட்டுவேன். இருபது வருஷம் ஜெராக்ஸ் எடுத்த மனிதர், அந்த ஒரு காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "மாஷா அல்லா" என்பார்.

அதோடு முடியவில்லை. பழைய சொந்தக்காரரின் வைஃபை பாஸ்வேர்டு, பெயர் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். காகிதம் சிக்காமல் தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அதுதான் உண்மையான பரீட்சை. சுத்தம் செய்த அன்றைக்கு எல்லாமே ஓடும். ஒரு வாரம் தகரக் கூரையின் கீழே சும்மா கிடந்துவிட்டும் ஓடினால்தான் பள்ளிக்கூடத்தில் நிற்கும். தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர். பாகம் மாற்ற வேண்டியதற்கு மஞ்சள். உயிர் போனதற்குச் சிவப்பு. சிவப்பிலிருந்து ரோலர், மூடி, வயர் என்று எடுத்து மற்றவற்றுக்கு மாட்டுவோம். அந்த ஸ்டிக்கர் முறையைக் கொண்டுவந்தவள் நான். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

எங்களை மேற்பார்வையிட வாரத்துக்கு ஒருநாள் சென்னையிலிருந்து ஒரு பெண் வருவாள். திட்ட ஒருங்கிணைப்பாளர். என்னைவிட வயதில் சின்னவள், ஆனாலும் நான் மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். நல்ல பெண். வரும்போதெல்லாம் பழம் வாங்கிவருவாள். என் கையில் ஏறியிருக்கும் மைக்கறையைப் பார்த்து "ஐயோ அக்கா, கிளவுஸ் போடுங்களேன்" என்று உண்மையாகவே வருத்தப்படுவாள். கெட்டவர்களிடம் வேலை பார்ப்பது சுலபம் என்று அவளிடம் வேலை பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அவர்களிடம் எச்சரிக்கையாக இருப்போம் இல்லையா.

ஒருநாள் அவள் வந்து, பணம் கொடுக்கிற கம்பெனியின் பெரிய ஆட்கள் வரப்போகிறார்கள், உத்திரமேரூரில் கல்யாண மண்டபம் பிடித்து விழா என்றாள். நூறு பள்ளிக்கு நூறு பிரிண்டர். பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

"மேடம், பச்ச ஸ்டிக்கர் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கீது" என்றேன். "மஞ்சள்ல சிலது தேறும். ஆனா நூறு வராது."

"டிரை பண்ணுங்கக்கா. உங்களால முடியாததா?"

"என்னால முடியறது இருக்கட்டும் மேடம். அதுங்களால முடியணுமே."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த ஒரு வாரம் வெயிட் பண்றத மட்டும் விட்டுடலாமேக்கா. ஃபங்ஷன் அன்னைக்கு ஒரு பக்கம் அச்சானா போதும். அப்புறம் எங்க பிரச்சனை வருதோ அங்க ஒண்ணொண்ணா மாத்திக் கொடுத்துடலாம்."

"அப்பால யார் மாத்துவாங்க மேடம்? ஒரு வாட்டி குடுத்துட்டா அந்தப் பக்கம் யாரும் போவ மாட்டாங்க."

"நான் போறேன்கா. ப்ராமிஸ்."

அவள் சொன்னபோது அதை அவளே நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

நானும் பாயும் அந்த நாட்களில் தலைநிமிராமல் வேலை செய்தோம். மஞ்சளில் தேறக்கூடியதையெல்லாம் தேற்றினோம். எவ்வளவு முட்டியும் நூறு வரவில்லை. விழாவுக்கு முந்தைய நாள் மாலை, மிச்சப் பள்ளிகளுக்கு அடுத்த மாதம் கொடுப்போம் என்று மேடையிலேயே சொல்லிவிடுங்கள் என அவளுக்குப் போனில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். சரிக்கா என்றாள்.

மறுநாள் காலை மண்டபத்துக்குப் போனால், வாசலில் வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லை, குவியலைப் பார்த்ததுமே தெரிந்தது. பாய் ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து, பெட்டியில் போடாமல் மிச்சமிருந்த ஒரு பிரிண்டரின் பக்கவாட்டைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். தின்னர் நெடி. அருகே தரையில் சிவப்பு ஸ்டிக்கர்கள் சுருண்டு கிடந்தன. அவர் தேய்த்துக்கொண்டிருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். யாரோ சூடான பாத்திரத்தை இறக்கிவைத்து, மூடியில் வட்டமாக உருகிய தழும்பு உள்ள பிரிண்டர். அதில் கருப்பு வராது. மை அடைப்பு இல்லை, தலையின் எலக்ட்ரானிக் பகுதியே செத்துவிட்டது. வண்ணத்தில் மட்டும் ஒரு பக்கம் அழகாக அச்சாகும்.

"இன்னா பாய் இது?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "கேக்காதமா."

"கேக்காம? இது செவப்பு பாய். நான் ஒட்டுனது."

"நேத்து நீ போன அப்பால மேடம் போன் பண்ணாங்க. இருக்கறத எல்லாம் ஏத்தச் சொன்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" துணியை மடித்து மறுபக்கத்தால் தேய்த்தார். "பேஜார் பண்ணாத தங்கச்சி. இன்னிக்கு ஒரு நாளு."

நான் நேராக அவளிடம் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூங்கொத்துகளை யார் யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ப்ளீஸ். இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டுங்க." கார் வந்து நின்றது. அவள் ஓடினாள்.

மேடையில் பச்சை ஸ்டிக்கர் போட்ட ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளை வரைந்த மயிலை அதில் அச்சடித்துக் காட்டினார்கள். எல்லா நிறமும் சுத்தமாக வந்தது. அந்தத் தலையை நான் பொழுதெல்லாம் உட்கார்ந்து சுத்தம் செய்திருந்தேன். கைதட்டினார்கள். கம்பெனியிலிருந்து வந்த பெரியவர், இந்தப் பகுதிப் பெண் ஒருவரே இவற்றைச் சீர்செய்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லி, என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்தில் இருந்தவளின் தோளைத் தட்டி, எங்க அம்மா, எங்க அம்மா என்று காட்டுவது மேடையிலிருந்தே தெரிந்தது. போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். சிரியுங்கள் என்று போட்டோகிராபர் சொன்னார், சிரித்தேன்.

பெட்டிகளை ஒட்டித்தான் கொடுத்தார்கள். எது எந்தப் பள்ளிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் நான் திட்டவில்லை, ஏனென்றால் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போனில், ரிப்போர்ட் வேலை அக்கா என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைச் சுவரோரம் வீசினாள்.

"மா, உன்ன எச்செம் டீச்சர் வரச் சொன்னாங்க."

"இன்னாத்துக்கு?"

"நீ குடுத்த பிரிண்டர் ஓடல. பசங்க எல்லாம் என்ன ஓட்டுறாங்க. உங்கம்மா சால்வ போட்டுக்கினு ஓட்ட பிரிண்டர் குடுத்துச்சேன்றாங்க." அழாமல் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினாள்.

மறுநாள் கிடங்குக்குப் போகிற வழியில் பள்ளியில் இறங்கினேன். தலைமை ஆசிரியை காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். கண்டிப்பான அம்மா என்று பெயர். பிரிண்டரை அவர் அறையிலேயே, எம்பிராய்டரி போட்ட துணியால் மூடி வைத்திருந்தார். துணியை எடுத்தேன். மூடியில் வட்டமான தழும்பு.

உட்காரச் சொன்னார். "முதல் ரெண்டு நாள் பூ, பட்டாம்பூச்சியெல்லாம் அழகா வந்துதுமா. கேள்வித்தாள் எடுக்கலாம்னு போட்டா வெள்ளையா வருது. நீங்க ஒரு கை வைங்க."

கை வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திறந்து பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்பு ஸ்டிக்கர், தின்னர், பேனரில் போட்ட நூறு, எல்லாம். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. ஆயம்மாவைக் கூப்பிட்டு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல டீச்சர்."

"சொல்லாதீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதே ட்ரஸ்ட்டுல பொம்பளப் பசங்களுக்குக் கழிப்பறை கட்டித் தர்றேன்னிருக்காங்க. இருக்கறதுல தண்ணி வராது, கதவு நிக்காது. ஒன்பதாவது பத்தாவது பொண்ணுங்க மதியம் தண்ணியே குடிக்கிறதில்ல. ஏன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்த நேரத்துல பிரிண்டர் ஓடலன்னு நான் பிராது கொடுக்க முடியுமா?"

எனக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். என் மகளும் காலையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய், சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடுகிறவள்தான்.

"யாருக்கும் தெரியாம வேற ஒண்ணு மாத்தித் தரேன் டீச்சர்" என்றேன். சரி என்று தலையசைத்தார்.

கிடங்கில் விழாவுக்குப் பிறகு தேறிய பச்சை ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, தனியாக எடுத்து வைத்து, மறுநாள் வேன்காரரிடம் எங்கள் பள்ளியில் இறக்கிவிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து ஒருங்கிணைப்பாளர் வந்து இறங்கினாள்.

"இது எங்கக்கா போகுது?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பத்தான் நினைத்தேன். ஆனால் அவள் தன் போனை நீட்டினாள். "பாருங்களேன், உங்க ஊர் எச்எம் எவ்வளவு அழகா பேசியிருக்காங்க" என்றாள். திரையில் தலைமை ஆசிரியை, அதே எம்பிராய்டரி துணிக்குப் பக்கத்தில் நின்று, இந்த பிரிண்டர் எங்கள் மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகளைத் தேடினேன். தெரியவில்லை.

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"மூடியில வட்டமா தழும்பு கீற அந்த மிஷின் கருப்பே அடிக்காது மேடம்" என்றேன். "நேத்து போயி நானே பாத்துட்டு வந்தேன். அது செவப்பு. அது மாதிரி இன்னும் எத்தினி போயிகீதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவள் முகம் மாறியது. கோபம் இல்லை, பயம் என்று இப்போது தோன்றுகிறது. உடனே தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நலம் விசாரித்துவிட்டு, பிரிண்டர் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள்.

"நல்லா ஓடிட்டிருந்துதுங்க மேடம்" என்றது அந்தக் குரல். கொஞ்சம் நின்றது. "நேத்து உங்க ஸ்டாஃப் அம்மா வந்து ஏதோ திறந்து பார்த்தாங்க. அதுக்கப்புறம்தான் கொஞ்சம் தகராறு. அதனால ஒண்ணுமில்லைங்க, பார்த்துக்கலாம்."

நான் திறந்து பார்த்தது உண்மை. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்தது.

போனை வைத்துவிட்டு அவள் பாயின் பக்கம் திரும்பினாள். பாய் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார். "பாய், நீங்க சொல்லுங்க. மூடியில வட்டமா தழும்பு இருந்துதாமே, அது சிவப்பா?"

நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம்" என்றார்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் தோளில் கை வைத்து, குரலை உயர்த்தாமல், அன்பாகவே சொன்னாள். "ரொம்ப ஸ்ட்ரெஸ்ல இருக்கீங்கக்கா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. நானே கூப்பிடறேன்." அவள் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள் என்று எனக்குப் புரிய, பஸ் ஏறி டிக்கெட் வாங்குகிறவரை ஆனது.

அவள் கூப்பிடவில்லை. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, "எல்லாரும் வாய மூடிக்கினு கீறாங்க, உனக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் பொறுக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் தன் டிவிஎஸ்ஸில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கிடங்கில் விட்டுவந்த பையைக் கொண்டுவந்திருந்தார். என் சிரிஞ்சுகள், குழாய்கள், டார்ச் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். பையோடு ஒரு பத்திரிகையும் நீட்டினார்.

"ரெண்டாவது பொண்ணுக்கு நிக்கா வெச்சிகீது. நீ வரணும்."

வாங்கிக்கொண்டேன். வெயில் உச்சியில் இருந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் தபால்காரருக்குக்கூட கேட்காமல் தண்ணீர் கொடுப்போம்.

"நீ இன்னா வோணா திட்டிக்கோமா" என்றார். "எனக்கும் வேற வழி தெரியல. இந்த நேரத்துல வேலையும் போயிட்டா..."

"திட்டறதுக்கு இன்னா கீது பாய்? ஞாபகம் இல்லன்னீங்க. ஞாபகம் இல்லாதவங்கள எப்டித் திட்டறது?"

அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் திருப்பினார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை போய், அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். நிக்காவுக்கு நான் போகவில்லை. அவருடைய நிலைமை எனக்குப் புரிகிறது. மூன்று பெண்களைப் பெற்ற மனிதர் வேறென்ன செய்வார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கும் ஒரு பெண்தான், எனக்கும் அந்த வேலைதான் இருந்தது. புரிவதால் மன்னிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது நான் வாலாஜாபாத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். அங்கே இருப்பதெல்லாம் லேசர் பிரிண்டர்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, சுத்தம் செய்யத் தலையும் இல்லை. காலாண்டுத் தேர்வு சமயத்தில் சுற்றுவட்டாரப் பள்ளி வாத்தியார்கள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வருவார்கள். அறக்கட்டளை கொடுத்த பிரிண்டர் என்ன ஆனது என்று யாரிடமும் கேட்பதில்லை. ஒருமுறை ஒருவர் தானாகவே சொன்னார். கோடை லீவில் பூட்டி வைத்தது, திறந்து போட்டால் ஒன்றுமே வரவில்லையாம். அது நான் பச்சை ஒட்டியதோ என்னவோ. வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் எடுத்தால் காயாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் அச்சடித்துப் போடலாம் என்று அந்தப் பெண்ணிடம் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நல்ல ஐடியாக்கா என்பாள்.

கழிப்பறையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். டைல்ஸ் போட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்து, உள்ளே தாழ்ப்பாளோடு. மகள் இப்போது பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுபோகிறாள். பாட்டில் காலியாகத் திரும்புகிறது. தலைமை ஆசிரியையைக் கடைத்தெருவில் பார்த்தால் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர்மேல் கோபப்பட நினைக்கும்போதெல்லாம் அந்தக் காலி பாட்டில் குறுக்கே வந்துவிடுகிறது. எனக்குக் கோபப்படக்கூட இடம் விடாமல் செய்துவிட்டார்கள்.

போன மாதம் மகளுக்குக் கண்ணாடி வாங்கக் காஞ்சிபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் திடீரென்று கேட்டாள்.

"மா, நீ அன்னிக்கு மேடம்கிட்ட சொல்லாம இருந்திருந்தா உனக்கு அந்த வேல இருந்திருக்கும் இல்ல?"

"இருந்திருக்கும்."

"பாத்ரூமும் கட்டியிருப்பாங்க இல்ல?"

"கட்டியிருப்பாங்க."

"அப்ப நீ சொன்னதால இன்னாதான் ஆச்சு?"

அவள் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படி புரியாவிட்டால் கேட்பாளே, அந்த முகம். பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். உண்மை, நியாயம் என்று பள்ளிச் சுவரில் எழுதியிருப்பது போன்ற சொற்கள்தான் வந்தன. அவற்றை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணும் ஆவல" என்றேன்.

அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். புதுக் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா முனையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள்.